நோனி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நோனிச் செடி வைத்திருப்பவருக்குப் பதில் சொல்வது ஒரு தனி வேலையாகவே சேர்ந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "இது என்ன காய்?" என்று கேட்பவரில் தொடங்கி, "என் மாமியாருக்குச் சர்க்கரை, இதைக் கொடுக்கலாமா?" என்று போனில் கேட்பவர் வரை எல்லோரையும் பார்த்தாயிற்று. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே கொடுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. நான் மருத்துவர் இல்லை. செடி வளர்த்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

நோனின்னா என்ன? செடியா, மரமா?

இரண்டுக்கும் நடுவில். வெட்டிவிட்டால் புதராக நிற்கும், விட்டுவிட்டால் சிறு மரமாகிவிடும். பொதுவாக 3 மீட்டர் முதல் 6 மீட்டர் உயரம், நல்ல இடம் கிடைத்தால் 10 மீட்டர்கூடப் போகும். காபிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் மொரிண்டா சிட்ரிஃபோலியா. இதில் 'மொரிண்டா' என்பது 'இந்தியாவின் மல்பெரி' என்ற பொருளில் வைத்த பெயர். மல்பெரிக்கும் இதற்கும் உறவே கிடையாது, பழம் ஒட்டி ஒட்டி இருப்பதைப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை உள்ள கடலோரங்கள்தான் இதன் பிறந்த வீடு. பசிபிக் தீவுகளில் குடியேறிய பாலினேசியர்கள் படகில் ஏற்றிச் சென்ற செடிகளில் இதுவும் ஒன்று. ஹவாய்க்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. 'நோனி' என்ற பெயரும் அந்தத் தீவு மொழியிலிருந்து வந்ததுதான்.

நுணா மரம், மஞ்சணத்தி மரம்னு சொல்றாங்களே, அதுதானே இது?

அதன் நெருங்கிய சொந்தம், ஆனால் அதுவே இல்லை. நுணா, மஞ்சணத்தி என்று நாம் சொல்வது அதே மொரிண்டா பேரினத்தில் வேறு இனம். குழப்பம் வரக் காரணம் உண்டு. இரண்டுக்கும் வெள்ளைப் பூ, இரண்டுக்கும் கண் கண்ணான காய், இரண்டின் கட்டையிலும் வேரிலும் மஞ்சள் நிறம். நோனியைச் சிலர் வெண்நுணா என்றும் சொல்வார்கள்.

பிரித்துப் பார்க்க மூன்று அடையாளம் போதும். நுணாவின் பட்டை தடித்து ஆழமாக வெடித்திருக்கும், நோனியின் தண்டு வழவழப்பானது, இளங்கிளையைத் தொட்டால் நான்கு பட்டையாகத் தெரியும். நோனி இலை பெரியது, பளபளப்பானது, ஒரு முழம் நீளம்கூட வரும். மூன்றாவது அடையாளம் தப்பவே தப்பாது: நுணாக்காய் சிறியது, பழுத்தால் கறுக்கும். நோனி பழுத்தால் வெளுக்கும்.

பழத்து மேல ஏன் இப்படிக் கண்ணு கண்ணா இருக்கு?

ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம். நோனியில் பூக்கள் தனித்தனியாக நிற்காது, பச்சை உருண்டை ஒன்றின்மேல் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒரு உருண்டைக்கு எழுபது, தொண்ணூறு பூக்கள்கூட இருக்கும். எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. இன்று இரண்டு, நாளை மூன்று என்று விரிந்து உதிரும். எல்லாச் சூலகங்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகிவிடும். அன்னாசியும் இப்படித்தான் உருவாகிறது.

காலையில் செடியருகே நின்று ஒரு பிஞ்சைப் பாருங்கள். கீழ்ப்பாதி காயாகத் திரண்டிருக்கும், மேல்நுனியில் இன்னும் வெள்ளைப் பூ சிரித்துக்கொண்டிருக்கும். இன்னொன்றும் தெரியும்: மற்ற கணுக்களில் எதிரெதிராக இரண்டு இலை இருக்க, காய் வந்த கணுவில் மட்டும் ஒரு பக்கம் இலை, எதிர்ப்பக்கம் காய். இலைக்கு உரிய இடத்தைக் காய் பிடித்துக்கொண்டது போல இருக்கும்.

கடற்கரைச் செடின்னு சொல்றீங்க. கடல் இல்லாத இடத்துல வளராதா?

வளரும். கடற்கரையைத் தாங்கும் செடி என்பதுதான் சரி, கடல் இல்லாவிட்டால் வாழாது என்று அர்த்தமில்லை. உப்புக்காற்று, உப்பு கலந்த நீர், மணல், பவளப்பாறை, எரிமலைக் குழம்பு ஆறிய பாறை இடுக்கு எல்லாவற்றிலும் நோனி நிற்கிறது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்திலும் இருக்கிறது, 4000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்திலும் இருக்கிறது. அது தாங்காதவை இரண்டு: உறைபனி, வேரடியில் நாள்கணக்கில் தேங்கும் நல்ல தண்ணீர்.

கடற்கரையெல்லாம் பரவியதற்குக் காரணம் விதை. ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. அதனால் விதை கடலில் மாதக்கணக்கில் மிதந்து போய், ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். இந்தக் காற்றறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விதை போடும்போது திரும்ப வரும்.

பழுத்திருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சை, பிறகு வெளிர் பச்சை, மஞ்சள், மஞ்சள் கலந்த வெள்ளை. வெள்ளைக்கு வந்தும் கல்லு மாதிரி இருக்கிற நிலைதான் பறிக்கச் சரியான நேரம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வேகமாக நடக்கும். ஓரிரு நாளில் தோல் கண்ணாடி போலாகி, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். விரலால் அழுத்தினால் குழையும். மரத்திலேயே விட்டால் கீழே விழுந்து சிதறிவிடும், அப்புறம் அள்ள முடியாது.

ஏன் இவ்வளவு நாத்தம்? கெட்டுப்போன பழத்தைக் கொடுத்துட்டாங்களா?

இல்லை, நல்ல பழம்தான். பழுத்த நோனியின் வாசனையே அது. பழைய சீஸ், ஆட்டுக்கிடா, கழற்றி மூலையில் போட்ட காலுறை என்று ஆளுக்கொரு உவமை சொல்கிறார்கள். ஆட்டுக்கிடா என்றவர்தான் விஷயத்துக்குப் பக்கத்தில் வந்தவர். நாற்றத்துக்குக் காரணம் ஆக்டனாயிக் அமிலம், ஹெக்ஸனாயிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். இவற்றின் பழைய பெயர்கள் கேப்ரிலிக், கேப்ராயிக். 'கேப்ரா' என்றால் லத்தீனில் ஆடு. ஆட்டுப்பாலில் உள்ள அதே சரக்கு.

முதல் தடவை ஐந்து பழங்களை ஒரு துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் செத்த எலியைத் தேடினார்கள். கட்டிலைக்கூட நகர்த்தியாயிற்று. பையைத் துவைத்த பிறகும் வாடை போகவில்லை, தூக்கிப் போட்டுவிட்டோம்.

செஷல்ஸ் தீவுகளில் இந்த நாற்றத்தைத் தேடிப் பறந்து வரும் ஒரு பழ ஈ இனம் இருக்கிறது. நோனிப் பழம்தான் அதன் வாழ்க்கை. மற்ற பழ ஈக்களுக்கு ஆக்டனாயிக் அமிலம் விஷம், உட்கார்ந்தால் செத்துப்போகும். இந்த ஒன்று மட்டும் அதைத் தாங்கப் பழகிக்கொண்டு, போட்டியே இல்லாத சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டது.

இதை அப்படியே சாப்பிடலாமா? இல்ல மருந்து மட்டும்தானா?

சாப்பிடலாம். பழுத்த பழத்தைத் தோலோடு உப்புத் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காயாக இருக்கும்போது காய்கறி போலச் சமைக்கலாம், அப்போது நாற்றம் இருக்காது. குருத்திலையும் சமையலுக்கு ஆகும். பசிபிக் தீவுகளில் இது பஞ்சகாலத்துப் பழம். வேறு எதுவும் விளையாதபோதும் இது காய்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர். பிடித்துச் சாப்பிட்டதாகச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ருசி? வாயில் போட்டதும் ஒரு புளிப்பு, உடனே பின்னால் ஒரு கசப்பு, தொண்டையில் ஒரு காரம். இனிப்பு மிகக் குறைவு. பழத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் நார், வைட்டமின் சி, பொட்டாசியம் ஆகியவை சொல்லும்படியாக இருக்கின்றன. எனக்குப் பழக இரண்டு வருடம் ஆனது. என் வீட்டில் வேறு யாருக்கும் பழகவில்லை.

விதை போட்டு மூணு மாசம் ஆச்சு, ஒண்ணுமே வரலை. விதை செத்துடுச்சா?

அநேகமாகத் தூங்குகிறது. நோனி விதையின் தோல் மரம் போலக் கெட்டி. எதுவும் செய்யாமல் போட்டால் முளைக்க 6 மாதம் முதல் 12 மாதம் வரை ஆகலாம். விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் தட்டையாக, ஒரு முனை கூராக இருக்கும். அந்தக் கூர்முனையை நகவெட்டியால் துளி மட்டும் நறுக்கிவிட்டு விதைத்தால், வெதுவெதுப்பான இடத்தில் 20 நாளிலிருந்து 120 நாளுக்குள் முளைக்கும். ஆழமாக நறுக்கினால் உள்ளிருக்கும் கரு போய்விடும்.

நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று. தண்ணீரில் போட்டு, மிதக்கும் விதையைச் சொத்தை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நெல்லுக்கும் பயறுக்கும் சரி. நோனி விதைக்குள் காற்றறை இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? இதில் நல்ல விதைதான் மிதக்கும். நன்றாகக் குழைந்த பழத்தை வடிகட்டியில் போட்டு, தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்தால் சதை கரைந்து விதை தங்கும். காயாகப் பறித்த பழத்தின் விதை வேண்டாம்.

தண்டுக் குச்சி நட்டும் செடி வளர்க்கலாம், ஓரிரு மாதத்தில் வேர் பிடிக்கும். ஆனாலும் விதைக் கன்றுதான் திடமாக வளர்கிறது. அவசரமில்லை என்றால் விதையே போடுங்கள்.

ஒரே ஒரு செடி வெச்சா காய்க்குமா? எத்தனை வருஷம் ஆகும்?

காய்க்கும். ஆண் செடி, பெண் செடி என்ற பேதம் இல்லை, ஒரே பூவில் இரண்டும் உண்டு. நட்டு 9 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முதல் காய்களைப் பார்க்கலாம். அவை சிறியவையாகத்தான் இருக்கும். அப்புறம் வருடம் முழுக்கப் பூவும் பிஞ்சும் காயும் பழமும் ஒரே செடியில் இருந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு வயதில் ஒரு முறை நன்றாகக் கவாத்து செய்துவிட்டால் பக்கக் கிளைகள் வந்து காயும் கைக்கெட்டும் உயரத்திலேயே நிற்கும். முதலில் எனக்கு வெட்ட மனம் வரவில்லை, இப்போது ஏணி போட்டுப் பறிக்கிறேன்.

தொட்டியில வளர்க்கலாமா?

பெரிய தொட்டியானால் வளர்க்கலாம். அடியில் தண்ணீர் நிற்கக்கூடாது. பழம் கொஞ்சம்தான் கிடைக்கும். அழகுக்காக மட்டும் என்றால் இலையில் வெள்ளைத் திட்டு உள்ள ஒரு வகையும் உண்டு, தொட்டிக்கு அது பொருத்தம்.

இலையெல்லாம் மஞ்சளாகுது, செடி வளரவே மாட்டேங்குது. தோண்டிப் பார்த்தா வேர்ல முண்டு முண்டா இருக்கு. என்ன செய்யறது?

அது வேர்முடிச்சு நூற்புழு. மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. வேருக்குள் புகுந்து அங்கங்கே வீக்கம் உண்டாக்கும். நோனிக்குப் பெரிய எதிரி இதுதான். தக்காளி, கத்தரி, வெண்டை போட்டு இதே மாதிரி வேர் முண்டு பார்த்த இடமாக இருந்தால் அந்த மண்ணில் புழு ஏற்கெனவே இருக்கிறது.

முற்றிய நிலையில் செடியைக் காப்பாற்றுவது கஷ்டம். மட்கிய இலை, சாணம் நிறையப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சல் தவறாமல் பார்த்துக்கொண்டால் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். உண்மையான மருந்து நடுவதற்கு முன்னால் இருக்கிறது: நாற்று வாங்கும்போது பையைக் கழற்றி வேரைப் பாருங்கள். முண்டு இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

செடி முழுக்கச் செவ்வெறும்பு, இலையைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கு. மருந்து அடிக்கலாமா?

முசுறு எறும்பு. அகலமான நோனி இலை அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும், நாலைந்து இலையை இழுத்து வைத்துப் பட்டு போன்ற நூலால் தைத்துவிடும். செடிக்குக் கேடு குறைவு, புழுக்களைப் பிடித்துத் தின்பதால் நன்மையும் உண்டு. ஒரு குறை: அசுவினி, செதில் பூச்சிகள் கசியவிடும் இனிப்பு நீருக்காக அவற்றுக்குக் காவல் நிற்கும். இலைமேல் கரி பூசியது போல ஒரு படலம் வந்தால் அது அந்த இனிப்பில் வளர்ந்த பூசணம். சோப்புக் கரைசல் தெளித்துத் துடைத்தால் போதும். பறிக்கப் போகும்போது முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கடி நெருப்பு மாதிரி இருக்கும்.

சாறு வீட்லயே எடுக்கலாமா?

எடுக்கலாம், இரண்டு வழி உண்டு. முதல் வழி உடனே பிழிவது. வெள்ளையான கெட்டிப் பழத்தைக் கழுவி, சில நாள் வைத்துக் குழைந்ததும் கையால் பிசைந்து, துணியில் கட்டிப் பிழிந்தால் வெளிர் மஞ்சள் சாறு வரும். பழத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதிதான் சாறாகத் தேறும். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் குடித்துவிட வேண்டும், அல்லது உறைய வைக்கலாம்.

இரண்டாவது, தீவுகளின் பழைய முறை. கழுவி ஈரம் காய்ந்த பழங்களைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, குறைந்தது இரண்டு மாதம் விட்டுவிடுவது. தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்ப்பதில்லை. பழம் தானே கரைந்து சாறு பிரியும். ஆரம்பத்தில் தேன் நிறம், நாளாக நாளாகக் கரும்பழுப்பு. சாறு நல்ல புளிப்பாக இருப்பதால்தான் இது கெடாமல் நிற்கிறது. ஆனால் ஜாடியில் அழுக்கு இருந்தாலோ, பழத்தில் வெடிப்பு இருந்தாலோ மேலே பூசணம் பிடிக்கும். பிடித்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கும் வேலை வேண்டாம், முழுதாகக் கொட்டிவிடுங்கள். ஜாடியின் கழுத்து வரை நிரப்பாதீர்கள், காற்று சேரும். நான் முதல் வழியோடு நின்றுவிட்டேன், காரணம் சோம்பல்.

பாட்டில்ல வாங்கின நோனி ஜூஸ் இனிக்குதே, நாத்தமும் இல்லையே. அது நோனிதானா?

லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் திராட்சைச் சாறோ வேறு பழச்சாறோ சேர்த்திருப்பார்கள், மேலே சொன்ன ருசியை யாரும் காசு கொடுத்து இரண்டாம் தடவை வாங்க மாட்டார்கள் என்பதால். சேர்ப்பது குற்றமில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர் 'நோனிதானே' என்று குடிக்கும்போது உள்ளே போவது திராட்சைச் சர்க்கரையாக இருக்கலாம். தூய நோனிச் சாறு இனிக்காது. இந்த ஒரு சோதனை போதும்.

சுகர், பிரஷர், கேன்சர் எல்லாத்துக்கும் நல்லதாமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, எனக்கு அதிகம் சலித்த கேள்வியும் இதுதான். ஒரு பழம் எல்லா நோய்க்கும் மருந்து என்று ஒருவர் சொன்னால் அவர் விற்பவர் என்று அர்த்தம். 1990களின் நடுவில் நோனிச் சாறு பாட்டிலில் உலகமெங்கும் போக ஆரம்பித்தது, ஆளுக்கு ஆள் சேர்த்துவிடும் விற்பனை முறையில். ஆதாரம் இல்லாமல் நோய் தீரும் என்று விளம்பரம் செய்ததற்காக 1998லேயே அமெரிக்காவில் சில மாநில அரசுகள் ஒரு நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தன. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் நோனிச் சாறுக்கு அனுமதி கொடுத்தது உண்மை. அந்த அனுமதி உணவாக விற்க, மருந்தாக விற்க இல்லை. இந்தக் கடைசி வரியை விளம்பரங்கள் விட்டுவிடும்.

புற்றுநோய் பற்றிய பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது, நிஜமாகவே வேர். 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நோனி வேரிலிருந்து எடுத்த டாம்னகாந்தால் என்ற பொருள், ஆய்வகத்தில் வளர்த்த சில செல்களின் புற்றுநோய்த் தன்மையை மாற்றியதைக் கண்டார்கள். வேர், பிரித்தெடுத்த பொருள், கண்ணாடித் தட்டில் செல்கள். இந்த மூன்றும் கைமாறிக் கைமாறி, 'பழச்சாறு குடித்தால் புற்றுநோய் போகும்' என்று ஆகிவிட்டது. பிற்பாடு ஹவாய் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயாளிகளுக்கு உலர்த்திய நோனிப் பழத்தைக் குளிகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் சுருங்கவில்லை.

பிடித்தால் பழம் என்று குடியுங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள்.

நோனியில 'செரோனின்' இருக்கு, அதுதான் வேலை செய்யுதுன்னு புத்தகத்துல படிச்சேனே?

அந்தச் சொல் ரால்ஃப் ஹைனிக்கி என்ற வேதியியலாளரிடமிருந்து வந்தது. ஹவாயில் அன்னாசி நொதி பற்றி ஆராய்ந்தவர். 1985இல் நோனி பற்றி எழுதிய கட்டுரையில், இப்படியொரு ஆல்கலாய்டு (செடிகளில் உண்டாகும் ஒருவகை வேதிப்பொருள்) இருப்பதாகவும், அதுதான் உடலில் பல வேலைகளைச் செய்கிறது என்றும் சொன்னார். அதன் வேதி அமைப்பை அவர் வெளியிடவில்லை. வேறு ஆய்வாளர் யாரும் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டவும் இல்லை. நொதியியல் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் தேடினால் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

கிட்னி பிரச்சினை இருக்கறவங்க குடிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் தயங்காமல் நான் சொல்லும் பதில் இது. ஏழாவது கேள்வியில் பொட்டாசியம் இருக்கிறது என்று நல்லதாகச் சொன்னதுதான் இங்கே ஆபத்து. ஒரு லிட்டர் நோனிச் சாறில் 56 மில்லி ஈக்விவேலன்ட் அளவு பொட்டாசியம் கண்டிருக்கிறார்கள், ஆரஞ்சுச் சாறு, தக்காளிச் சாறு அளவுக்கு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பொட்டாசியத்தைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லியிருந்த ஒரு சிறுநீரக நோயாளிக்கு நோனிச் சாறால் அளவு ஏறிய விவரம் 2000ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஆரஞ்சைத் தவிர்த்தவர் இதைத் தவிர்க்கவில்லை, 'இயற்கை மருந்து' என்று நினைத்ததால்.

ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலில் தங்க வைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கல்லீரல் கெட்டுப்போகும்னு ஒருத்தர் சொல்றார், ஒண்ணும் ஆகாதுன்னு இன்னொருத்தர். யார் சொல்றது சரி?

இருவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நோனிச் சாறு குடித்துவந்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2005இல் ஆஸ்திரியாவிலிருந்து மருத்துவர்கள் எழுதினார்கள். வேரில் நிறைய இருக்கும் ஆந்த்ராகுவினோன் என்ற நிறப்பொருள்கள் மேல் சந்தேகம் விழுந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006இல் இதை ஆராய்ந்து, சாறுதான் காரணம் என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது.

என் கணக்கு இது. ஆரோக்கியமாக இருப்பவர் எப்போதாவது கொஞ்சம் குடித்துப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர் சோதனை எலியாக வேண்டிய அவசியமும் இல்லை. குடிக்க ஆரம்பித்த பிறகு கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நோனி குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிறையப் பேர் இதைச் சொல்வதில்லை.

கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க?

வேண்டாம். பத்து மாதம் இல்லாமல் இருந்தால் நஷ்டமாகும் பழம் இல்லை இது.

வேர்ல சாயம் எடுக்கலாம்னு கேள்விப்பட்டேன். பழத்துல வராதா?

பழத்தில் வராது, வேரின் பட்டையில்தான். ஒரு காலத்தில் நோனியைப் பழத்துக்காக வளர்த்தவர்களைவிடச் சாயத்துக்காக வளர்த்தவர்கள் அதிகம். ஜாவாவின் பாத்திக் துணிகளில் (மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றும் துணிகள்) உள்ள பழைய சிவப்பு இந்த வேரிலிருந்து வந்தது. துணியை முதலில் எண்ணெயில் ஊற வைப்பார்கள். அலுமினியச் சத்தைத் தானே சேர்த்து வைத்திருக்கும் ஒரு மரத்தின் பட்டையை நிறம் பிடிக்கக் கூடச் சேர்ப்பார்கள். நாள்கணக்கில் திரும்பத் திரும்ப நனைத்துக் காயவைத்த பிறகுதான் சிவப்பு ஏறும்.

தடித்த வேரில் ஒன்றும் தேறாது. மெல்லிய வேர்களில்தான் நிறம் அதிகம், அதனால் மூன்று நான்கு வயதிலேயே தோண்டிவிடுவார்கள். அப்படித் தோண்டினால் செடி போய்விடும். எனவே உங்கள் ஒற்றைச் செடியைச் சாயத்துக்காகத் தியாகம் செய்ய வேண்டாம். பார்க்க ஆசையாக இருந்தால், ஓரமாக மண்ணைக் கிளறிப் பென்சிலைவிட மெல்லிய ஒரு வேரைத் துண்டாக்குங்கள். பட்டையைச் சீவினால் உள்ளே நல்ல மஞ்சள். அதன்மேல் ஈரச் சுண்ணாம்பைத் துளி தொட்டுத் தேயுங்கள். மஞ்சள் தூளில் சுண்ணாம்பு பட்டது போலச் சிவந்துவிடும். கையைச் சட்டையில் துடைத்துவிடாதீர்கள், போகாது.